சிஸ்டர், இதையும் கேளுங்கள்



சென்ற இதழில் கருத்தடை முறைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காப்பர் டி போட்டால் உதிரப்போக்கு அதிகமாகுமா, ஊசி போட்டால் உடம்பு வைக்குமா, மாத்திரையை நிறுத்தினால் அடுத்த குழந்தை தங்குமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நம் மருத்துவர் உள்பக்கங்களில் பதில் சொல்லியிருக்கிறார். மல்லசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் நானே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதியவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்வி அவருடையதுதான்.

"அக்கா, எங்கூட்டுக்காரரு ரிக் வண்டிக்குப் போறவருங்க. பையனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சுது. அடுத்தது கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்னு ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்தாங்க. மறக்காமப் போட்டுட்டு வர்றேன். ஆனா இப்பெல்லாம் எனக்கு மனசே போறதில்லீங்க. அவரு மாசக்கணக்குல வெளியூர்ல இருந்துட்டு வர்றாரு. அவர் மேல கோவமில்ல, சண்டையில்ல. வந்தா சந்தோஷந்தான். ராத்திரி ஆனா மட்டும் பயமா இருக்குது. முன்னெல்லாம் நான் இப்படி இல்லீங்க. இது மாத்திரையாலயா, இல்ல நான்தான் மாறிட்டனா? சிஸ்டருகிட்டக் கேக்கலாம்னு போனேன். என்ன நெனப்பாங்களோன்னு கேக்காமயே வந்துட்டேன்."

அந்த வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்கு முதல் வரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டி போகும் திசையெல்லாம் மல்லசமுத்திரம், எலச்சிபாளையம், வையப்பமலைப் பக்கத்து ஆட்களும் போவார்கள். ஊரில் தங்குபவர்களுக்கு விசைத்தறி, பருத்தி, மாடு, தோட்டம். வண்டியில் போனவர் ஊர் திரும்பும் கொஞ்ச நாளுக்குள் கோயில், விருந்து, மாமியார் வீடு, மருத்துவமனை, தாம்பத்தியம் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து வந்தவரிடம் "எனக்கு மனசில்லை" என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? சொன்னால் அது எங்கே போய் முடியும் என்ற அச்சமும் அவளுக்கு இருக்கும். அந்தக் கடிதத்தில் இருக்கும் பயம் என்ற சொல்லை நான் அப்படித்தான் படித்தேன்.

தங்கைக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையால் இருக்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகிறது. மருத்துவ உலகம் ஆராய்ந்து பதிவு செய்திருக்கும் விஷயம் இது. நீங்கள் கெட்டுப் போய்விடவில்லை. கணவர் மேல் அன்பு குறைந்துவிட்டது என்றும் இதற்கு அர்த்தமில்லை.

இனி விவரமாகப் பார்ப்போம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 28 மாத்திரைகள். அதில் 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பு மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து. மாத்திரை போடும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும், ரத்தம் ஊறவும் அவற்றை வைத்திருக்கிறார்கள். வேலை செய்வது வெள்ளை மாத்திரைதான். ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராம். முதலாவது புரோஜெஸ்டிரான் வகை, இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் வகை. கடையில் விற்கும் மாலா-டி அட்டையிலும் இதே அளவுதான். எள்ளளவுகூட இல்லாத இந்த மருந்து, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், சினைப்பையை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. முட்டை முதிர்வதில்லை, வெளிவருவதில்லை. ஒழுங்காகப் போட்டால் கருத்தரிக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. மருந்தாகப் பார்த்தால் இது ஓர் அருமையான கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் சினைப்பை முட்டையை மட்டும் உண்டாக்குவதில்லை. ஆண்களுக்கு உரியது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் டெஸ்டோஸ்டிரோனைப் பெண்ணுடம்பும் சிறிதளவு சுரக்கிறது. ஒரு பங்கு சினைப்பையிலிருந்தும் ஒரு பங்கு சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் வருகிறது. பெண்ணின் விருப்பத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. சினைப்பை ஓய்வெடுக்கும்போது அந்தச் சுரப்பு குறைகிறது. இன்னொன்றும் நடக்கிறது. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், பாலியல் ஹார்மோன்களைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. மிச்சமிருக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் அந்தப் புரதம் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் உடம்பு பயன்படுத்தக்கூடிய டெஸ்டோஸ்டிரோன் பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது.

இதைப் படித்ததும் "அப்படியானால் மாத்திரை போடும் எல்லாருக்கும் ஆசை போய்விடும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் அளவு குறைந்தும் மனதில் எந்த மாற்றமும் இல்லாத பெண்கள்தான் அதிகம். செக் நாட்டு மருத்துவர்கள் 2013-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு ஹார்மோன்களும் கலந்த மாத்திரையைப் போட்ட 8,422 பெண்களில் 5,358 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. 1,826 பேருக்கு விருப்பம் கூடியிருந்தது. 1,238 பேருக்குக் குறைந்திருந்தது. கூடியவர்கள் இத்தனை பேரா என்று ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கு அதில் ஆச்சரியமில்லை. நாள் தள்ளிப்போய்விடுமோ என்ற கவலையோடு ஒவ்வொரு மாதமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கவலை போனதே பெரிய விடுதலை. ஆனால் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருத்திக்குக் குறைகிறது என்பதையும் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. நம் வாசகி அந்த ஏழில் ஒருத்தியாக இருக்கலாம்.

இந்த இடத்தில் ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 18 முதல் 35 வயது வரையுள்ள 340 ஆரோக்கியமான பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று மாதம் கருத்தடை மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று பெண்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 2016-இல் முடிவு வெளியானது. தாம்பத்திய வாழ்வை மொத்தமாக மதிப்பிட்டபோது இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் விருப்பம், கிளர்ச்சி, இன்பம் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தபோது, மாத்திரை போட்டவர்களிடம் அவை குறைந்திருந்தன. அந்த ஆய்வில் பயன்படுத்திய மாத்திரை எது தெரியுமா? லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராம். நம் மாலா-என் அட்டையில் இருக்கும் அதே சேர்க்கை, அதே அளவு. ஸ்டாக்ஹோம் பெண்ணிடம் கேட்டறிந்த அந்தக் கேள்வியை மல்லசமுத்திரத்துப் பெண்ணிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. மருந்து ஒன்றாக இருக்கும்போது கேள்வி மட்டும் ஏன் ஓரூரோடு நின்றுவிட வேண்டும்?

இருந்தாலும் எல்லா ஊரிலும் ஒரே விடை வரும் என்றும் சொல்ல முடியாது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வு ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் பிலிப்பைன்சின் மணிலாவிலும் ஒரே சமயத்தில் நடந்தது. கலந்துகொண்ட 150 பெண்களும் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள், அல்லது அவர்களுடைய துணைவர்கள் செய்துகொண்டவர்கள். கர்ப்பம் பற்றிய பயம் முடிவைக் குழப்பக் கூடாது என்பதற்காக அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். இரு ஹார்மோன் மாத்திரை போட்ட எடின்பரோ பெண்களில் பலர் விருப்பம் குறைந்ததாகச் சொன்னார்கள். மணிலா பெண்களிடம் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. உடம்பு வேறுபட்டதா, வாழ்க்கை வேறுபட்டதா, இல்லை இதைப் பற்றி வாய்திறந்து சொல்லும் பழக்கம்தான் வேறுபட்டதா? மூன்றுமே இருக்கலாம். மூன்றாவது காரணத்தைத்தான் நான் அதிகம் யோசித்துக்கொண்டிருக்கிறேன், நம் ஊரை மனதில் வைத்து.

நம் நாட்டில் கருத்தடை பற்றிப் பேசத் தொடங்கிய காலத்திலேயே பெண்ணின் விருப்பம் பற்றிய கேள்வி எழுந்துவிட்டது. கருத்தடைக்காகப் போராடிய அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் 1935 டிசம்பரில் வார்தா ஆசிரமத்துக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். குழந்தைக்காக மட்டுமே கூடல், மற்ற நேரத்தில் அடக்கம், கணவன் வற்புறுத்தினால் மனைவி மறுக்க வேண்டும் என்பது காந்தியின் நிலை. மனைவியருக்கும் கணவர்களைப் போலவே விருப்பம் எழும், அதற்கு என்ன செய்வது என்று சாங்கர் திருப்பிக் கேட்டார். இருவரும் உடன்படவில்லை. அதற்கும் ஐந்து ஆண்டு முன்னதாகவே, நமக்கு அருகில் இருக்கும் ஈரோட்டில், 1930-லேயே பெரியார் குடி அரசில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதியிருந்தார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலம், நாட்டின் வறுமை, சொத்து சிதறாமை ஆகியவற்றுக்காகக் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள், தான் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். பிறகு வந்த அரசுத் திட்டங்களோ அவர் தள்ளிவைத்த காரணங்களையே முன்னால் எடுத்துக்கொண்டன. 1952-இல் குடும்பக் கட்டுப்பாடு தேசியத் திட்டமானது. எத்தனை பேருக்கு ஆபரேஷன், எத்தனை பேருக்கு லூப் என்ற கணக்கு வளர்ந்தது. அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்க எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கருத்தடைக்காக மாத்திரை போடும் பெண்கள் மிகக் குறைவு. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை போடுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களும் அப்படித்தான், நூற்றுக்கு ஒருவர் இல்லை. 1950-களின் கடைசியில் ஆண்களுக்கான ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்து ஊக்குவித்து நாட்டுக்கே முன்னோடியாக இருந்த மாநிலம் இது!

அப்படியிருக்க, நூற்றில் ஒருத்திக்காக இத்தனை பக்கமா என்று கேட்பீர்கள். என் பதில் இது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் மேசைக்குப் போகிறவர்களில் பலருக்கு வேறு வழிகளை யாரும் நிதானமாக விளக்கியதில்லை. மாத்திரையைப் பற்றி ஊரில் உலவுவதெல்லாம் பயமுறுத்தும் பேச்சுதான். அந்தப் பேச்சுக்கு மருந்து, பக்கவிளைவே இல்லை என்று சாதிப்பதில் இல்லை. இன்னின்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் இன்னது செய்யலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெண்கள் நம்பித் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். "அதுக்கப்புறம் எல்லாமே போச்சு" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்ல வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் கட்டி வெட்டுகிறார்கள். சினைப்பை அப்படியே இருக்கிறது, ஹார்மோன் அப்படியே சுரக்கிறது. ஆபரேஷனால் ஆசை போக உடற்கூற்றில் காரணமில்லை. ஆனால் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் கதை வேறு. மாதவிடாய் நின்ற காலம் ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். விருப்பம் குறைவது, வறட்சி, வலி எல்லாம் அதில் உண்டு. "எடுத்துடலாம், இனி எதுக்கு" என்று யாராவது எளிதாகச் சொன்னால், சினைப்பையையும் எடுப்பீர்களா, ஏன் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். கருத்தடைக்காக மாத்திரை வாங்காத நம் வீடுகளில் அதே மாத்திரை வேறு பெயரில் நுழைந்திருக்கிறது. பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை, முகத்தில் பரு, மோவாயில் முடி. ஸ்கேன் எடுத்தால் சினைப்பையில் நீர்க்கட்டி. மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதுகிறார். அது பெரும்பாலும் கருத்தடை மாத்திரைதான். பெண்ணின் அம்மா பயந்துவிடுவாள் என்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோன் சற்று அதிகம், அதைக் குறைப்பதுதான் அங்கே நோக்கமே. சைப்ரோடெரோன் சேர்ந்த மாத்திரைகள் அதை இன்னும் அழுத்தமாகச் செய்யும். சிகிச்சை சரியானதுதான், பலருக்கு நல்ல பலனும் தருகிறது. ஆனால் அந்தப் பெண் ஐந்தாறு வருடம் மாத்திரையோடு வளர்ந்து, மாத்திரையோடே மணவறைக்குப் போகிறாள். மாத்திரை இல்லாமல் தன் மனமும் உடம்பும் எப்படியிருக்கும் என்று அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. கல்யாணமான முதல் வருடத்தில் அவளுக்கு நாட்டம் இல்லையென்றால், "பொண்ணுக்குப் பிடிக்காம கட்டிக் குடுத்துட்டீங்களா" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அம்மாமார்களே, மகள் கையில் எந்த மாத்திரை இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவளிடமும் சொல்லி வையுங்கள். (கோயில் நோன்பிக்காக நாளைத் தள்ளிப்போட மூன்று நான்கு நாள் போடும் மாத்திரையைப் பற்றி இப்படிக் கவலைப்பட வேண்டியதில்லை.)

ஊசிக்கும் வருவோம். 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் அந்தரா என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் 150 மில்லிகிராம். இதுவும் சினைப்பையை ஓய்வெடுக்க வைப்பதுதான். சிலருக்கு விருப்பம் குறையலாம், வறட்சி வரலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வேறு ஏற்பாடு செய்துகொண்டு நாளையே நிறுத்திவிடலாம். ஊசி உடம்புக்குள் போய்விட்டால் மூன்று மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். நிறுத்திய பிறகு கரு தங்கவும் சில மாதங்கள் கூடுதலாக ஆகும். இதையெல்லாம் போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பெண்களிடம் விவரம் சொல்லாமல் கருத்தடை ஊசியைப் பரிசோதிக்கிறார்கள் என்று ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா, டெல்லியின் சஹேலி ஆகிய பெண்கள் அமைப்புகள் 1986-இல் உச்ச நீதிமன்றம் வரை போயின. ஊசி வேண்டாம் என்று சொல்பவர்களும் வேண்டும் என்று சொல்பவர்களும் இன்றுவரை வாதிடுகிறார்கள். என் கட்சி எளிது: ஊசி இருக்கட்டும், போட்டுக்கொள்பவளுக்கு முழு விவரமும் தெரிந்திருக்கட்டும்.

ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கு வழியில்லாமல் இல்லை. காப்பர் டி-யில் ஹார்மோன் கிடையாது. வகையைப் பொறுத்து ஐந்து வருடமோ பத்து வருடமோ வேலை செய்யும். ஆணுறை இருக்கிறது. பிறகு, நம் நாட்டிலேயே பிறந்த ஒரு மாத்திரை இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் தலைமையில் உருவான சென்ட்குரோமேன் 1991-இல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. இப்போது அரசுத் திட்டத்தில் சாயா என்ற பெயரில் இலவசமாகத் தருகிறார்கள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இது ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை. முட்டை உருவாவதை வழக்கமாக நிறுத்துவதும் இல்லை. மாதவிலக்கு சிலருக்குத் தள்ளிப்போகும், அதைக் கண்டு கர்ப்பமோ என்று பதற வேண்டியிருக்கும். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. நம் நாட்டுக் கண்டுபிடிப்பு, ஆனால் நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முழு விவரமும் தெரிய வேண்டும் என்றேன். ஹார்மோன் மாத்திரையின் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு விவரத்தாள் இருக்கிறதே, அது தானாக வந்துவிடவில்லை. 1956-இல் போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களுக்கு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது, அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே பக்கவிளைவுகள் அதிகம் என்று அறிக்கை எழுதினார். கண்டுபிடித்தவர்கள் அதைப் பெரும்பாலும் மனப்பிரமை என்று ஒதுக்கினார்கள். 1969-இல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர், மாத்திரையால் பெண்கள் படும் பாட்டைத் தொகுத்துப் புத்தகமாக எழுதினார். அதன் விளைவாக 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டில் கேட்பு நடந்தபோது சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களில் மாத்திரை போட்ட பெண் ஒருத்திகூட இல்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து நின்று ஏன் என்று கேட்டார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் விவரத்தாள் கட்டாயமானது.

இன்னொரு செய்தியையும் சொல்கிறேன். ஆண்களுக்கான ஹார்மோன் ஊசியை 320 ஆண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். கருத்தரிப்பை நன்றாகவே தடுத்தது. ஆனால் மனநிலை மாற்றம் முதலிய பக்கவிளைவுகள் வந்தன என்பதற்காக 2011-இல் புதிதாகப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான். அதே அளவு அக்கறையைப் பெண்களின் விஷயத்திலும் காட்டுங்கள் என்பதுதான் என் வழக்கு.

சரி, மல்லசமுத்திரத்துத் தங்கை இப்போது என்ன செய்வது?

மாத்திரையைப் பாதி அட்டையில் தூக்கிப் போடாதீர்கள். வேறு ஏற்பாடு இல்லாமல் நிறுத்தினால் அடுத்த மாதமே கரு தங்கலாம். முதலில் நாள்கணக்கை எழுதிப் பாருங்கள். மாத்திரை எப்போது தொடங்கினீர்கள், மனம் எப்போது மாறியது? மாத்திரைக்கு முன்பே மாறியிருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் நாட்டமும் குறையும், வறட்சியும் இருக்கும். தைராய்டு குறைவாக இருந்தாலும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் போட்டாலும் அப்படி ஆகும். ரத்தசோகையை மறக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் அது இருக்கிறது. ரத்தமே இல்லாத உடம்பில், விடியற்காலை எழுந்து பால் கறந்து, பகலெல்லாம் தறியில் நின்று, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் படுக்கிறவளுக்கு எங்கிருந்து ஆசை வரும்? விருப்பம் இல்லையா, விருப்பம் இருந்தும் வலிக்கிறதா என்பதையும் பிரித்துப் பாருங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது, வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தால் மாற்று உண்டு. வேறு சேர்க்கையுள்ள மாத்திரை, காப்பர் டி, சாயா, ஆணுறை என்று எதற்கும் மாறலாம். மாறிய பின் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பழைய நிலை திரும்பிவிடுகிறது. கணவர் வருடத்தில் சில வாரம்தான் வீட்டில் இருப்பார் என்றால் தினமும் ஹார்மோன் மாத்திரை தேவையா என்பதையே மருத்துவரோடு கலந்து பேசலாம். உங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால்தான் அவரால் பொருத்தமானதைச் சொல்ல முடியும்.

இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள ஆண்களும் எடுத்துப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தம்பிகளே, ஒரு வேண்டுகோள். இரண்டு பேருக்குமான குடும்பக் கட்டுப்பாட்டை அவள் ஒருத்தி தன் உடம்பில் தாங்குகிறாள். அதனால் அவளுக்கு மனமில்லாமல் போனால் சந்தேகப்படாதீர்கள், வற்புறுத்தாதீர்கள். அவள் மறுத்தால் அந்த மறுப்பு அங்கேயே முடியட்டும். பிள்ளைகள் போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டால் ஆண்களுக்கான தழும்பில்லாத கருத்தடைச் சிகிச்சையைக் கேட்டுப் பாருங்கள். சில நிமிட வேலை. ஆண்மையும் குறையாது, ஆசையும் குறையாது. அடுத்த முறை வண்டி ஊருக்கு வரும்போது, மனைவியோடு நீங்களும் மருத்துவமனைக்குப் போய் உட்காருங்கள்.

கிராம சுகாதார செவிலியர்களே, நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிக் கணக்கு, பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு என்று ஓயாத வேலை. அதற்கு நடுவிலும் மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போது தலைசுற்றல் இருக்கிறதா, தீட்டு சரியாக வருகிறதா என்று கேட்கிறீர்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். "மாத்திரை போட ஆரம்பிச்சதுக்கப்புறம் உங்களுக்கு ஆசை, மனசு எல்லாம் முன்ன மாதிரி இருக்குதா?" மாமியாரையும் நாத்தனாரையும் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அந்தப் பெண்கள் சொல்வார்கள். கேட்காவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அல்லது வருடக்கணக்கில் மனதுக்குள் வைத்துப் புழுங்குவார்கள்.

தோழிகளே, செவிலியர் கேட்க மறந்துவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வாய்திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: "மாத்திரை தொடங்கிய பிறகு எனக்கு விருப்பம் குறைந்துவிட்டது, வேறு முறைக்கு மாறலாமா?" இந்த வரியை அப்படியே நகலெடுத்துக்கொண்டு போகலாம். பதிலாக என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்